விமானம் ஏறுமுன், இறங்கியபின்

2025 ஜூன் 2, திங்கள்

காலைக் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு ஒரு புதுமைத் திட்டம் வேண்டும், அடுத்த புதன்கிழமைக்குள். மார்க்கெட்டிங் தம்பி இதற்காகவே காத்திருந்தவர் போல லேப்டாப்பைத் திருப்பினார். லாபியில் நின்று நாலு மொழியில் வணக்கம் சொல்லும் ரோபோ. கண்ணில் மாட்டிக்கொண்டால் டாக்காவில் உட்கார்ந்தபடியே நம் சூட் ரூமைச் சுற்றிப் பார்க்கும் கருவி. எல்லோரும் தலையாட்டினார்கள். என்னைக் கேட்டபோது எழுதித் தருகிறேன் என்றேன்.

மதியம் பில்லிங் கவுண்டரிலிருந்து அழைப்பு. ஓமான்காரரின் மகன் அங்கே நின்றுகொண்டு நகர மறுக்கிறாராம். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று, ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை, பெரியவர் வாக்கரைப் பிடித்து வராந்தாவில் நடக்கிறார். சிக்கல் பில்லில். ஊரில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட் ஒற்றை வரி. இப்போது கையில் இருப்பது பதினாறு பக்கம். மகன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் கடைசித் தொகையையும் பேனாவால் வட்டமிட்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் கையுறை என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. "இது என்ன, இது என்ன" என்று விரல் வைத்து விரல் வைத்துக் கேட்டார். சர்க்கரை ஏறியதால் பெரியவர் ஐசியூவில் கூடுதலாக இருந்த இரண்டு நாள் பேக்கேஜில் சேராது. அதை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பதினாறு பக்கத்தில் அவர் கேள்வி கேட்காத வரி ஒன்றே ஒன்று, இம்ப்ளான்ட். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்டுக்கு உச்சவிலை கட்டிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்டென்டுக்கும். அந்த விலை மஸ்கட்காரருக்கும் ஒரத்தநாட்டுக்காரருக்கும் ஒன்றுதான், இணையத்தில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மகன் பார்த்திருக்கிறார். மற்ற வரிகளைச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலை பத்தரைக்கு வீடியோ ஆலோசனை. மறுமுனையில் வங்கதேசத்துச் சட்டோகிராமிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், பக்கத்தில் மனைவி. இதயத்தில் மூன்று அடைப்பு. ஆஞ்சியோகிராம் சிடியை முன்னரே அனுப்பியிருந்தார்கள். விசாதான் கிடைக்கவில்லை. போன ஆகஸ்ட்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்த பிறகு நம் விசா மையங்கள் பழைய வேகத்துக்கு வரவேயில்லை. அவசர மருத்துவக் காரணம் என்றால் மட்டும் கொஞ்சம் நகர்கிறது. இந்த இடைவெளியைச் சீனா பார்த்துக்கொண்டது. மார்ச் மாதம் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு குன்மிங் போய் இறங்கியது. ஆசிரியரும் அதையேதான் கேட்டார்: காத்திருந்து சென்னை வரட்டுமா, இல்லை குன்மிங் போகட்டுமா?

எங்கள் சர்ஜன் படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க எங்கேயும் போக வேண்டாம். இது வழக்கமான பைபாஸ். டாக்காவிலேயே நல்லா செய்றாங்க. விசாவுக்குக் காத்திருக்கிற நேரம்தான் உங்களுக்கு ஆபத்து." எங்கள் வங்காளி மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னதும், அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எவ்வளவு நாள் சுமந்த பயமோ.

சர்ஜன் எழுந்து போனதும் மார்க்கெட்டிங் தம்பி என் அறைக்கு வந்தார். "அக்கா, ஒரு கன்ஃபர்ம் கேஸை நாமே கையால தள்ளிவிட்டோமே" என்றார். அந்த ஆசிரியர் ஊரில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லுவார் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது வேறு விஷயம்.

வீடியோவில் பார்ப்பது ஒன்றும் இன்றைக்கு வந்த புதுமை இல்லை. தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25-இல், ஊரடங்கு தொடங்கிய அன்றே வந்துவிட்டன. ஆனால் அவை நாட்டு எல்லைக்கு உட்பட்டவை. நம் டாக்டர் இங்கிருந்து எழுதும் சீட்டை மஸ்கட்டிலோ சட்டோகிராமிலோ உள்ள மருந்துக்கடை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் வீடியோ கருத்துச் சொல்லத்தான் உதவும். வைத்தியம் செய்ய அந்த ஊர் டாக்டர் ஒருவர் இணைப்பில் இருந்தாக வேண்டும். இன்று அந்தப் பக்கம் டாக்டர் யாரும் இல்லை. ஆசிரியருக்கு எங்கள் கருத்தைக் கடிதமாக எழுதி, அவருடைய டாக்டருக்கு என்று முகவரியிட்டு அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

ஓமான்காரரின் பில்லை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தோம். தணிக்கைப் பிரிவு சில வரிகளைக் கழித்தது. மகனுக்குப் பாதித் திருப்தி.

கழிக்க முடியாத ஒன்று அந்தப் பில்லில் எழுதாமலே இருக்கிறது. குடும்பத்தை அழைத்து வந்த ஏஜெண்டுக்கு, மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று போய்ச் சேரும் பங்கு. விமான நிலையத்தில் வரவேற்பது, சிம் கார்டு வாங்கித் தருவது, கெஸ்ட் ஹவுஸ் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, ஸ்கேனுக்கு எங்கே போவது என்பது வரைக்கும் அவர்தான் பார்க்கிறார். ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் லேன் சந்துகளில் சாயங்காலம் நடந்தால் போதும், இந்தத் தொழில் முழுசாகத் தெரியும். வங்காளியில் எழுதிய மீன்சாப்பாட்டுக் கடை, டாலர் மாற்றும் கடை, சமையலறையோடு தினவாடகை அறை, வாசலில் மூன்று மொழி பேசும் இளைஞர். அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நடுராத்திரி மூன்று மணிக்கு விமானம் இறங்கும் குடும்பத்தைக் கூட்டிவர மருத்துவமனையிலிருந்து எந்த அதிகாரி போகிறார்?

கோளாறு கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது. பில் ஏறினால் தன் பங்கும் ஏறும் என்றிருக்கிற ஒருவரிடம், செலவைக் குறைக்க வழி கேட்டு நோயாளி நிற்கிறார். டாக்டர்கள் நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஏஜெண்ட் டாக்டர் இல்லை, அந்த விதி அவரைத் தொடாது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் இப்போது மருத்துவப் பயண உதவியாளர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, தகுதி பார்த்துச் சேர்க்கிறார்கள். நல்ல ஆரம்பம். நான் இன்னும் ஒரு படி போக நினைக்கிறேன்: பட்டியலில் இருப்பவருக்கும் சதவீதம் வேண்டாம், செய்த வேலைக்கு நிலையான கட்டணம், அதுவும் நோயாளியின் எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக.

ஜூன் 5, வியாழன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். போன ஆண்டு இங்கேதான் மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன். முன்பெல்லாம் பஸ்ஸில் கொழும்பு போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். பலாலியிலிருந்து நேராகச் சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கியதில் அலைச்சல் பாதியாகிவிட்டது என்றார். பை நிறையப் பனங்காய்ப் பணியாரம். எங்கள் நர்ஸ்களுக்கு ஆளுக்கொன்று.

பணியாரம் கொடுத்து முடித்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மேசையில் விரித்தார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. உங்கட கடுதாசியில இருக்கிற மருந்துப் பேர் எங்கட பார்மசியில ஒருத்தருக்கும் விளங்கேல்லை. தெல்லிப்பழை டொக்டர் கேட்டார், இது என்ன மருந்தெண்டு. எனக்கென்ன தெரியும்? குளிசைப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினனான். பிறகுதான் சிரிச்சுப்போட்டு, உது லெட்ரோசோல் தானே அம்மா எண்டார்."

சம்மரியை வாங்கிப் பார்த்தேன். ஆபரேஷன் பற்றி ஒன்றரைப் பக்கம், திசுப் பரிசோதனை ஒரு பக்கம், எல்லாம் நேர்த்தி. மருந்து இடத்தில் மட்டும் இந்தியக் கம்பெனி வைத்த வணிகப் பெயர். மூலப்பெயர் இல்லை. இலங்கையில் மூலப்பெயர்ப் பழக்கம் ஆழமானது. செனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியர் அதற்காகப் போராடியவர், 1971-இல் தொடங்கிய அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் அவர் சிந்தனையில் வந்தது. அப்படிப்பட்ட ஊருக்கு நாம் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறோம். பெட்டியைக் காட்டத் தோன்றாத இன்னொருவராக இருந்திருந்தால், மருந்து தீர்ந்த அன்றோடு வைத்தியமும் நின்றிருக்கும்.

ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறவருக்கு நாம் ரத்தினக் கம்பளம் விரிக்கிறோம். திரும்பிப் போகும்போது கையில் கொடுக்கும் காகிதம் இப்படி இருக்கிறது. ரோபோவுக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது இதைச் சரிசெய்ய. கணினியில் ஒரு புலம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மருந்தகப் பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். "பண்ணலாம் மேடம், ஆனா இதுவரை யாரும் கேக்கலையே" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

ஓமானில் இன்று பக்ரீத், இங்கே நாளைக்கு. பெரியவர் தன் ஊர்க் கணக்குப்படி இன்றே கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம். எங்கள் அரபு மொழிபெயர்ப்பாளர், வாணியம்பாடி பாய், காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி தொழ ஏற்பாடு செய்தார். புது முழங்காலை மடக்க முடியாதே என்று பெரியவருக்குக் கவலை. பிசியோதெரபிஸ்ட்டும் பாயும் சேர்ந்து, எவ்வளவு மடக்கலாம், நாற்காலி எந்த உயரம் என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். வீட்டிலும் இதே உயர நாற்காலியில் தொழ வேண்டும் என்று பாய் அரபியில் எழுதி, பக்கத்தில் அளவோடு படமும் போட்டுக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்தத் தாளையும் சேர்த்துப் பின் அடித்தேன்.

எந்த அதிகாரியும் பாயிடம் இதைக் கேட்கவில்லை. அவர் நிலையான மாதச் சம்பளக்காரர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

வேலூரில் சித்தப்பா வீடு. காட்பாடியில் இறங்கும்போதே பிளாட்பாரத்தில் பாதிப் பேர் வங்காளி, அசாமியா. சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே பாபு ராவ் தெருவில் பலகைகள் எல்லாம் வங்காளியில், தமிழைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவச் சுற்றுலா என்று சென்னையில் மாநாடு போட்டுப் பேசும்போது இந்த ரயில் பயணிகள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, இவர்களிடம் டாலர் இல்லையே. ஆனால் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடத்துக்கு, விளம்பரம் இல்லாமல் இவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முர்ஷிதாபாத்காரர் உடைந்த இந்தியில் சொன்ன காரணம்: வேண்டாத டெஸ்ட் எழுத மாட்டார்கள் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள்.

சித்தி மீன்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

தொற்றுக் கட்டுப்பாட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். திட்டத்தில் ஒரு விஷயம் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும்: ஆபரேஷனுக்குப் பின் ஏற்படும் தொற்று நம்மிடம் எத்தனை சதவீதம் என்று வெளிநாட்டு நோயாளிக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே அச்சிடுவது.

அவர் சிரித்தார். 2010 ஞாபகம் இருக்கிறதா என்றார். இருக்கிறது. அந்த ஆகஸ்ட்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரை வந்தது. வலிமையான ஆன்டிபயாட்டிக்கையும் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றைப் பற்றியது, அதன் பெயரிலேயே புதுதில்லி இருந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் கார்த்திகேயன் குமரசாமி. சிகிச்சைக்காக இந்தியா வந்து திரும்பியவர்கள் வழியாகக் கிருமி பரவுகிறது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. தில்லி கொதித்தது, மருத்துவச் சுற்றுலாவை ஒழிக்கும் சதி என்றுகூடப் பேசினார்கள். இரண்டே ஆண்டில், 2012-இல், இதே சென்னையில் மருத்துவர்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தைக் கொண்டுவந்தார்கள். கிருமி சதி செய்யவில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"நெதர்லாந்துல வெளிநாட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டு வர்றவங்களைத் தனி ரூம்ல வெச்சு ஸ்வாப் எடுத்துப் பாத்துட்டுதான் வார்டுக்கு விடுவாங்க. நம்ம நோயாளி ஊருக்குப் போய் அட்மிட் ஆனா அவரையும் அப்படித்தான் பாப்பாங்க. நாமளே எண்ணிக்கையைச் சொல்லிட்டா என்ன?" என்றார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் ஆண்டுதோறும் தன் சிகிச்சை விளைவுகளைப் புத்தகமாகவே போடுகிறது என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாலையில் ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம். அண்ணனுக்குத் தம்பி சிறுநீரகம் தருகிறார். தூதரகச் சான்று வந்தாயிற்று, அங்கீகாரக் குழுவின் தேதிக்குக் காத்திருக்கிறார்கள். சொந்தத் தம்பிதானே, இதற்கும் குழுவா என்று கோபம். வெளிநாட்டவர் என்றால் நெருங்கிய ரத்த உறவுக்கும் குழு அனுமதி கட்டாயம். சட்டப் பிரிவு, இந்தக் காத்திருப்பைக் குறைக்க "டிஜிட்டல் தீர்வு" ஒன்று என் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. மறுத்துவிட்டேன். கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகம் விற்றதால் வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று இந்த ஊர் அழைத்த காலம் உண்டு. 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. எல்லாத் தாமதமும் கோளாறு இல்லை. குடும்பத்துக்கு மலிவான அறையும், காத்திருக்கும் நாளில் டயாலிசிஸ் கட்டணத்தில் சலுகையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி பதினொன்றுக்குத் திட்டம் முடிந்தது. மூன்றே பக்கம். எஸ்டிமேட்டில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் இருக்க வேண்டும், பேக்கேஜில் சேராதவை முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதை நோயாளியின் மொழியில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே விசா கடிதம் தர வேண்டும். வரும் முன் வீடியோவில் பார்க்கும் டாக்டருக்கு, "வர வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். அது அவருடைய மாத இலக்கில் குறையாக எண்ணப்படக் கூடாது. மூலப்பெயரோடு சம்மரி. ஊர் டாக்டருடன், நோயாளி இங்கே இருக்கும்போதே ஒரு வீடியோ ஒப்படைப்பு. ஏஜெண்டுக்கு நிலையான கட்டணம். தொற்று எண்ணிக்கை.

ரோபோ பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எதிர்க்கவும் இல்லை. வந்தால் வரட்டும், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஓமான்காரர் இன்று மாலை விமானம் ஏறினார். பறக்கலாம் என்ற சான்றிதழ், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவம், கால் நீட்ட முன்வரிசை இருக்கை, ரத்தம் உறையாமலிருக்க ஊசி. மஸ்கட்டில் இருக்கும் எலும்பு டாக்டரோடு மதியமே எங்கள் சர்ஜன் பத்து நிமிஷம் பேசிவிட்டார். திட்டம் ஒப்புதலாகும் வரை காத்திருக்க இது என்ன கட்டடமா?

ஜூன் 11, புதன்

கூட்டம் ஒன்றரை மணி நேரம். மூலப்பெயர் உடனே ஏற்பு, இதற்கெல்லாமா கூட்டம் என்றார்கள். வீடியோ ஒப்படைப்பு ஏற்பு. எஸ்டிமேட் படிவத்தில் நிதிப் பிரிவு இழுத்தது, அதிகபட்சத் தொகையைப் பார்த்தால் ஆள் பயந்து பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுவார் என்றது. பதினாறு பக்கப் பில்லின் நகலை, வட்டமிட்ட பேனாக்குறியோடு, மேசையில் வைத்தேன். நிர்வாக இயக்குநர் ஒன்பதாம் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏற்பு.

ஏஜெண்ட் கட்டணம் ஆறு மாதச் சோதனை, ஒரே ஒரு நாட்டுக்கு. எந்த நாடு என்று நான் சொல்லலாம். ஓமான் என்றேன்.

தொற்று எண்ணிக்கை நிராகரிப்பு. மற்றவர்கள் போடாதபோது நாம் ஏன் போட வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால்தான் ஒருவரும் போடுவதில்லை. அச்சிட மறுத்தாலும், கேட்ட நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே சிகிச்சைக்கு எங்கே போகிறவரானாலும், எந்த நாட்டுக்காரரானாலும், ரூம் வாடகையை விசாரிக்குமுன் இதைக் கேளுங்கள்: நான் செய்துகொள்ளப் போகும் ஆபரேஷனில் போன ஆண்டு உங்களிடம் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது?